நாய் மேல் போட்ட பழி, வயிற்று வாரில் தீர்ந்தது

நேற்றுக் காலை 12 கிலோமீட்டர். கீழ்பவானி வாய்க்கால் கரை, குதிரை மல்லி, நாய் செவலை, நான். மல்லி ஒருமுறைகூடக் காதைப் பின்னால் சாய்க்கவில்லை, செவலையை நோக்கிக் காலைத் தூக்கவும் இல்லை. இதை எழுதுவதற்கு மூன்று மாதம் காத்திருந்தேன்.

மல்லி போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய காத்தியவார் பெண் குதிரை. கூட வந்த மாமா சுழி பார்ப்பதிலேயே அரை நாளைக் கழித்தார். நான் குளம்பைத்தான் பார்த்தேன். செவலை என் மகளின் கோம்பை நாய். வீட்டுக் காவலுக்கு என்று வந்தது, மல்லி வந்த நாளிலிருந்து லாயத்து வாசலில்தான் படுக்கிறது.

லாயத்தில் இத்தனை சிநேகமாக இருப்பவை கரையில் இறங்கியதும் பகையாளி ஆகிவிடும். நடையில் ஒன்றும் இல்லை. ட்ராட்டுக்கு, அதாவது மெல்லோட்டத்துக்கு, தட்டிவிட்டால் போதும், செவலை இடது பக்கம் வந்தவுடன் மல்லிக்குக் காது சாயும், வால் சுழலும், பின்னங்கால் உயரும். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது, அங்கே நாய் நிற்கக்கூடாது என்பது தெரிந்ததுதான். அதனால் செவலையை நான் கால் வைக்கும் இடது அங்கவடிக்கு நேராக, மல்லியின் தோளுக்கு அருகில் ஓடப் பழக்கினேன். கொங்கு வெயிலில் ஆறு வாரம். பொரிகடலையும் அவித்த ஈரலும் எத்தனை செலவானது என்று மனைவியிடம் சொல்லவில்லை. நாய் கற்றுக்கொண்டுவிட்டது, குதிரை மட்டும் மாறவே இல்லை. "இந்த நாயை வீட்டில் கட்டிப்போட்டால்தான் நீங்கள் பிழைப்பீர்கள்" என்றாள் மனைவி. நானும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சேணம் இல்லாமல் உட்கார வேண்டும் என்றாள். வெறும் முதுகில் ஏற்றி, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி மெதுவாக ஓடவிட்டேன். செவலை வழக்கம்போல் இடது பக்கம் வந்தது. மல்லி தலையைத் தாழ்த்தி அதை மோந்துவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடியது. எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். இறங்கச் சொல்லிவிட்டு இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவினேன். மயிருக்கு அடியில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்குத் தடிப்பு. சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வார் உரசிய புண். ட்ராட்டில் உரசும், வலிக்கும், அந்த நேரம் பார்த்துக் கண்ணில் படுவது செவலை. அடி வாங்க இருந்தது பாவம் அந்த நாய்.

அந்த வாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் ஆறாது. அசல் தோல் என்று சொல்லி ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய சரக்கு. இரண்டு மாதத்தில் மேல்பூச்சு உரிந்து, உள்ளே அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. சேணம் கான்பூரிலிருந்து வரவழைத்தது, அதில் குறை இல்லை. வாரையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பார்சல் கூலிக்குக் கணக்குப் பார்த்தேன்.

மருத்துவர் மருந்து கொடுத்து, புண் ஆறும்வரை சேணத்தைத் தொடாதே என்றார். மூன்று வாரம் சும்மா இருக்கக் கை ஒப்பவில்லை, பருத்திக் கயிற்றில் நானே வார் பின்னினேன். 6 மில்லிமீட்டர் கயிறு 30 மீட்டர், பழைய வாரிலிருந்து கழற்றிய நான்கு பக்கிள். முனைக்கு இரண்டு பக்கிள், பக்கிளுக்கு 8 இழை, மொத்தம் 16 இழை, நீளம் 48 அங்குலம். பலகையில் ஆணி அடித்து பக்கிளை மாட்டி, கயிற்றைப் போய் வரச் சுற்றுவதுதான் வேலை. கேட்க எளிது. 16 இழையும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும் என்பதில்தான் உயிர் போகிறது. ஒரு இழை தொய்ந்தால் பக்கத்து இழை முழு பாரத்தையும் தாங்கி, கத்தி மாதிரி தோலில் இறங்கும். முதல் தடவை நடு இழைகள் தொய்ந்தன, பிரித்தேன். இரண்டாம் தடவை ஒவ்வொரு இழையையும் விரலால் சுண்டி, சத்தம் ஒன்றுபோல் வருகிறதா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினேன். இழைகள் விலகாமல் மூன்று இடத்தில் குறுக்குப் பின்னல். அருமையாக வந்தது. துவைத்துக் காயப்போட்டேன், 46 அங்குலம் ஆகிவிட்டது!

பவானியில் ஜமக்காளத் தறியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். காட்டினேன். "நனைக்காமலா அளவெடுத்தாய் தம்பி?" என்று ஒரே கேள்வி. கயிற்றை இரவெல்லாம் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மூன்றாவது முறையாகப் பின்னியதுதான் இப்போது மல்லியின் வயிற்றில் இருக்கிறது.

பின்னியது பாதி, கட்டுவது மீதி. மல்லி வார் இறுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும் கள்ளி. ஒரே இழுப்பில் இறுக்கினால் பத்து நிமிடத்தில் சேணம் சரியும். முதலில் லேசாக ஒரு துளை, இருபது அடி நடத்திவிட்டு இன்னொன்று, ஏறுவதற்கு முன் கடைசித் துளை. முழங்கைக்கும் வாருக்கும் நான்கு விரல் இடைவெளி. பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து நீட்டிவிட வேண்டும், வாருக்குள் சிக்கிய தோல் மடிப்பு விடுபடும். இந்தக் கடைசி வேலையை நான் இதற்கு முன் செய்ததே இல்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று ஐந்தரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிட்டோம். அதற்கு மேல் மண் சுட்டால் நாயின் பாதம் தாங்காது. மல்லிக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், செவலைக்கு நாக்கைத் தொங்கவிடுவதுதான் வழி. வாய்க்காலில் ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குப் பிறகு செவலை குளித்துவிட்டுத்தான் வரும், கரையில் வயலுக்குப் போகிறவர்களின் வண்டியும் கூடும். அதற்குள் கொடிவேரி அணை வரை ஒரு முறை போய்விட வேண்டும். காட்டுக்குள் போகலாமே என்று மகள் கேட்கிறாள். புலிகள் காப்பகத்தின் பக்கம் குதிரையும் நாயுமாகப் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அனுமதியும் கிடைக்காது.

வலது பக்கம் வார் படும் இடத்தில் மயிர் லேசாகக் கலைந்திருப்பதை நேற்று மாலை தேய்த்துவிடும்போது பார்த்தேன். புண் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் குறுக்குப் பின்னலின் முடிச்சு அந்த இடத்தில்தான் விழுகிறது. முடிச்சை வெளிப்பக்கம் தள்ளி இரண்டாவது வார் ஒன்று பின்னலாம் என்று கயிற்றை ஊறவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். காலையில் எடுக்கப் போனால் பாதிதான் இருக்கிறது. மீதி செவலையின் வாயில்.