தோட்டத்துக்குள் ஒரு பூங்கா: காணி, கான், மாதச் சந்தா

இலங்கையின் நுவரெலியா நகரில் உள்ள விக்டோரியா பூங்கா 1897ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசியின் ஆட்சி வைர விழாவின் நினைவாக அமைக்கப்பட்டது. ஹக்கல தாவரவியல் பூங்கா அதற்கும் முந்தியது. 1861இல், காய்ச்சல் மருந்து தரும் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டது. மலையகத்தைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அதே மாவட்டத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளரும் ஒரு பிள்ளை எங்கே விளையாடுகிறது என்று கேட்டால், பிரட்டுக்களம் (காலையில் வேலை பிரிக்கும் இடம்), கோவில் வாசல், தொழிற்சாலைக்குப் போகும் பாதை, மழை நாளில் இஸ்தோப்பு (வீட்டுத் தாழ்வாரம்) என்றுதான் பதில் வரும். எங்கள் டிவிசனில், அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவில், பழைய பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) இடிந்து கிடந்த துண்டு நிலத்தில் ஒரு சிறு பூங்காவை உருவாக்கும் வேலையில் நானும் இருக்கிறேன் என்பதால், இங்கே இத்தகைய வேலை எங்கெங்கே சிக்குகிறது என்பதை எழுதிவைக்கத் தோன்றியது.

முதற் சிக்கல் காணி. நகரத்தில் பூங்கா வேண்டும் என்றால் மாநகர சபையிடமோ நகர சபையிடமோ மனுக் கொடுக்கலாம். தோட்டத்தில் நாம் குடியிருக்கும் நிலமே நம்முடையதல்ல. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்றும் அரசுக்குச் சொந்தம், கம்பனிகள் வைத்திருப்பது குத்தகை உரிமை. ஆகவே ஒரு ஊஞ்சல் நட வேண்டுமானாலும் தோட்ட முகாமையாளரான துரையின் வாய்ச்சொல் போதாது. துரைமார் மாற்றலாகிப் போவார்கள். அவர்களுடைய வாக்கும் கூடவே போய்விடும். எல்லை குறிக்கப்பட்ட ஒரு வரைபடமும், இந்த நிலம் பொதுப் பாவனைக்கு விடப்பட்டுள்ளது என்ற கடிதமும் கம்பனித் தலைமையகத்தின் கையெழுத்தோடு வந்த பின்னரே மண்ணில் மண்வெட்டி பட வேண்டும் என்பதில் எங்கள் குழு பிடிவாதமாக இருந்தது. அந்தக் காத்திருப்பில் பலர் சலித்துப் போனார்கள் என்றாலும், அந்தப் பிடிவாதம் சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் பகுதி உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட நீண்ட காலம் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர் வென்ற பிறகு, "சட்டம் விடவில்லை" என்று சொல்லிக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த வழி திறக்கப்பட்டது. ஆனால் திருத்தம் வந்ததை அறியாதவர்கள் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். திருத்தத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

மக்கள் பங்களிப்பு என்ற சொல்லைத் திட்ட அறிக்கைகள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. தோட்டத்தில் அதற்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. ஆறு நாள் கூடை சுமந்து மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணை, ஏழாம் நாள் கல் சுமக்க அழைத்துவிட்டு, சமூகம் பங்கெடுத்தது என்று படம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எதை எங்கே வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்ற முடிவில் அவளுக்கு இடம் இருப்பதுதான் பங்களிப்பு. கல் சுமக்கக் கூலிக்கு ஆள் வைக்கலாம். முடிவெடுக்க ஆள் வைக்க முடியாது.

இந்த வேறுபாட்டைக் கூட்டங்களில் கண்ணால் பார்த்தேன். மாலையில் கூட்டிய கூட்டத்துக்கு ஆண்களே வந்தார்கள். தலைவர் பேசினார், வாலிபர்கள் கரப்பந்தாட்டத் திடல் கேட்டார்கள், முடிந்தது. அந்த நேரத்தில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டும் அடுப்பு மூட்டிக்கொண்டும் இருந்தார்கள். பிறகு மதிய வேளையில், கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே அவர்களிடம் பேசியபோது முற்றிலும் வேறான ஒரு பூங்கா வெளிப்பட்டது. அவர்கள் பூவைப் பற்றிப் பேசவில்லை. கால் நீட்டி உட்கார முதுகுக்குச் சாய்மானம் உள்ள திண்ணை, லய வாசலிலிருந்து பிள்ளைகள் கண்ணில் படும்படியான வேலி, ஒரு தண்ணீர்க் குழாய், வெளிச்சம், மலசலகூடம் ஆகியவற்றையே கேட்டார்கள். வெளிச்சம் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தேயிலை மலையை ஒட்டிய லயங்களில் அந்தி சாய்ந்த பிறகு சிறுத்தை நாய்களைத் தேடி வருவது புதிதல்ல. கரப்பந்தாட்டத் திடலுக்கு நிலம் போதவே போதாது. அது பூங்காவை விழுங்கிவிடும் என்று ஒரு பாட்டி சொன்னார். வாலிபர்களுக்கு அது இன்னும் மனக்குறைதான். அவர்களுக்கு வேறிடம் கேட்டுப் போராட வேண்டும் என்பதே என் கருத்து.

நிலத்தைத் தயார்படுத்துவதில் மலையகத்துக்கென்று ஒரு விதி உண்டு: தண்ணீருக்கு முதலில் வழி விட வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை மறந்துவிட்டு இங்கே யாரும் ஒரு மேட்டை வெட்ட முடியாது. சரிவைச் செங்குத்தாக வெட்டி ஒரே சமதளம் எடுப்பது பார்க்க அழகாக இருக்கும், அதன் மேலே உள்ள லயத்துக்கு ஆபத்து. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் நிலத்தைக் காட்டிக் கேட்ட பிறகே வெட்ட வேண்டும். நாங்கள் நிலத்தை இரண்டு படிகளாகப் பிரித்தோம். மேல்படிக்கு மேலே குறுக்காக ஒரு கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்), இரண்டு படிகளுக்கும் நடுவே கல் அடுக்கிய தாங்குசுவர், சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள், விளிம்பில் வெட்டிவேர் வரிசை என்பதே திட்டம். கான் வெட்டும் கலையில் தோட்டத்துப் பெரியவர்களை மிஞ்ச எந்தப் பொறியியலாளரும் இல்லை. சாய்வைக் கண்ணாலேயே அளந்து, தண்ணீர் ஓடவும் வேண்டும், மண்ணை அரிக்கவும் கூடாது என்ற அளவில் இழுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நாட்கூலி கொடுத்தோம்.

மரத்தைப் பற்றிய விவாதம் நான் எதிர்பார்த்ததைவிட நீண்டது. வாகை போன்ற உயரமான மரத்தை நடலாம் என்று நான் சொன்னதும் பெண்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். உயர்ந்த கிளைகளில்தான் குளவி கூடு கட்டும். பருந்து மோதினாலும் காற்று அசைத்தாலும் அது கலையும். பிறகு ஓட இடமிருக்காது. கொழுந்து பறிக்கையில் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத டிவிசன் மலையகத்தில் இருப்பது அரிது. ஆகவே கொய்யா, தோடை போன்ற குட்டை மரங்களோடு நிறுத்திக்கொண்டோம். பூச்செடிகளுக்குக் காசு செலவாகவில்லை. லயத்து வாசல்களில் பழைய வாளிகளிலும் தகரங்களிலும் வளரும் டேலியா, செவ்வந்தி, ஜெரேனியம் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு கிழங்கும் கிளையும் வந்து சேர்ந்தன.

பராமரிப்புக்கான பணம்தான் இன்னும் முழுதாகத் தீராத விடயம். கோவில் வரிக்கும் மரண உதவிச் சங்கச் சந்தாவுக்கும் செய்வதுபோலச் சம்பளத்தில், அதாவது செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில், பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். எளிதான வழி, ஆனால் நீதியானதல்ல. இப்போது பல வீடுகளில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் ஒருவரோ இருவரோதான். இளையவர்கள் கொழும்பில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். செக்ரோலில் பிடித்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்திலிருந்து மட்டும் பூங்கா நடக்கும், கொழும்பிலிருந்து பணம் வரும் வீடு இலவசமாக அனுபவிக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்து, மாதர் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, கூட்டிப் பெருக்குகிற ஒருவருக்கு அதிலிருந்து மாதக் கொடுப்பனவு தருவது என்று முடிவாகியிருக்கிறது. கணக்கை மாதாமாதம் கோவில் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதும் பெண்கள் வைத்த நிபந்தனை.

பெயர்ப்பலகை வேண்டாம் என்றும் தீர்மானித்துள்ளோம். ஒரு பாலத்துக்கும் படிக்கட்டுக்கும்கூட அரசியல்வாதியின் பெயர் பொறித்த கல்லைப் பார்த்துப் பழகிய ஊரில் இதற்குச் சில மனத்தாங்கல்கள் வந்தன, வரட்டும். மலசலகூடத்துக்கான ஒதுக்கீட்டைச் சபை இன்னும் உறுதி செய்யவில்லை. அதற்கு முன்னால், மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள், மேல்படிக்கு மேலுள்ள கானின் கடைசிப் பகுதியைக் கல் பதித்து முடித்துவிட வேண்டும். ஊஞ்சலும் சறுக்கும் அதற்குப் பிறகுதான்.