1921-ஐ எக்செலில் ஏற்றிய கதை

பழைய நாளிதழ் பைண்டுகளை ஸ்கேன் செய்து, வருஷவாரியாகச் சென்னைச் செய்திகளை எக்செலில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. தேதி, இடம், வகை, ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். தாளைப் புரட்டினாலே ஓரம் பொடிப்பொடியாக உதிரும், மாஸ்க் போட்டும் தும்மல் நிற்காது, அது தனிக் கதை.

பல வருஷங்கள் கடகடவென்று முடிந்துவிடும். 1921 அப்படிப் போகவில்லை. செப்டம்பரில் காந்தி வந்து போனது ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது, பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில்லில்தான் மாட்டிக்கொண்டோம். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அப்போது மூன்று வயது. மே மாதம் கர்நாடிக் மில்லில் கிளம்பிய தகராறு ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவி, வேலைநிறுத்தம் அக்டோபர் வரை இழுத்தது. இடையில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். மில்லுக்குப் பக்கத்துப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் கடைசியில் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி.

இதில் 'வகை' என்ற கட்டத்தில் எதைப் போடுவது? மில் செய்திகள் 'வேலைநிறுத்தம்', புளியந்தோப்புச் செய்திகள் 'கலவரம்' என்று பிரித்தால் வேலை சுலபம். எங்களோடு ஸ்கேனரில் உட்காரும் தம்பிக்குப் புளியந்தோப்புதான் சொந்த ஊர். ஃபில்டர் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க ஏரியா கலவரத்துல மட்டும்தான் வருது. மில்லுல வேலை பாத்தவங்களும் அங்கதானக்கா குடியிருந்தாங்க?" என்றான்.

அவன் கேட்டது சரி. வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் கூலி இல்லாத குடிசையில் அடுப்பு எப்படி எரிந்தது, சங்கத்துக்குள்ளேயே சாதி எந்த அளவுக்கு வேலை செய்தது என்றெல்லாம் பார்க்காமல் அந்தச் சொல்லை எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி என்று 'தொடர்பு' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, மில் வரிகளையும் புளியந்தோப்பு வரிகளையும் ஒன்றுக்கொன்று கோத்தேன். சூப்பர்வைசர் சார் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் யாரும்மா டைம் தர்றது?" என்று சலித்துக்கொண்டார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. 1922-க்கும் அதே கட்டத்தோடுதான் ஷீட்டைத் திறந்திருக்கிறோம்.