முணுமுணுப்பு

அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பாட்டா, கணக்கா, என் மேல் உள்ள குறையா என்று அருகில் போய்க் காதை வைத்தாலும் பிடிபடாது. அதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் முணுமுணுப்பு. எனக்கு மிகவும் பிடித்த சொல்.

இது இரட்டைக்கிளவி. பிரித்தால் 'முணு' என்று தனியாக எதுவும் இல்லை. சொல்லிப் பாருங்கள்: ம், ண் இரண்டுமே மெல்லினம். உதடு மூடித் திறக்கிறது, ஒலி மூக்கு வழியே கசிகிறது. சொல்லே முணுமுணுக்கிறது! கிசுகிசுவில் இருப்பவையோ க், ச் என்ற வல்லின எழுத்துகள். மூச்சுக்காற்று உரசிக்கொண்டு அடுத்தவர் காதுக்குப் போகும் பேச்சு அது; அதனால்தானோ என்னவோ வம்புச் செய்திக்கும் அதுவே பெயராகிவிட்டது.

முணுமுணுப்புக்குக் கேட்க ஆள் வேண்டியதில்லை. 'பாட்டை முணுமுணுத்தாள்' என்றால் மகிழ்ச்சி. 'வேலை சொன்னால் முணுமுணுக்கிறான்' என்றால் எரிச்சல். (முனகல் வேறு, அதில் வலி இருக்கிறது.) அகராதியில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன, வீட்டில் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

'எல்லாவற்றுக்கும் முணுமுணுப்பு' என்று அம்மாவை நானே கடிந்திருக்கிறேன். அது வேண்டுதலாகக்கூட இருந்திருக்கலாம். நேற்று சட்டைப் பொத்தான் தைத்தபோது என் உதடுகளும் அசைந்தன. மகள் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா சொல்றீங்க?" என்றாள்.