வலி மாத்திரையும் ஒரு மலைநாட்டுச் சிறுவனும்

பார்பரா கிங்சால்வரின் 'டீமன் காப்பர்ஹெட்' நாவலைப் படித்து முடித்துச் சில வாரங்கள் ஆகின்றன. அதன் நாயகனான அந்தப் பையன் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. நான் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். வலி மாத்திரை கொடுப்பதும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கவனிப்பதும் என் அன்றாட வேலை. அதனாலேயே பல பக்கங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோக வேண்டியிருந்தது. கதையின் சில திருப்பங்களையும் இங்கே சொல்லப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கதை நடப்பது அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில், வர்ஜீனியா மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள லீ கவுண்டியில். நாயகன் டேமன் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். போதைப் பழக்கத்திலிருந்து மீள முடியாத இளம் தாய், டிரெய்லர் வீட்டின் தரையில் சுயநினைவின்றிக் கிடக்கும்போது அவன் பிறக்கிறான், பனிக்குடம் உடையாமலே. டேமன் என்ற பெயர் மற்றவர் வாயில் டீமன் ஆகிறது. செம்பட்டை முடியால் காப்பர்ஹெட் என்ற பாம்பின் பெயரும் ஒட்டிக்கொள்கிறது. அவனுடைய 11ஆவது பிறந்தநாளில் அம்மாவும் போய்விடுகிறாள்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' கதையைத்தான் கிங்சால்வர் இந்த மலைகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பாத்திரங்களைக்கூட ஒருவருக்கு ஒருவர் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் டிக்கன்ஸைப் படிக்காதவர்களுக்கும் இந்த நாவலில் எதுவும் குறையாது. அவரிடமிருந்து பெற்ற மிகப் பெரிய விஷயம், குழந்தையே தன் கதையைச் சொல்வது. டீமன் இரக்கம் கேட்பதே இல்லை. கோபமும் கூர்மையுமாகப் பேசுகிறான், எதையும் விடாமல் பார்க்கிறான்.

என்னை முதலில் உலுக்கியது புகையிலைப் பண்ணை. அரசு அவனை ஒரு கிழவரின் பண்ணையில் வளர்ப்புப் பிள்ளையாக விடுகிறது. வளர்க்க எடுத்துக்கொண்ட பிள்ளைகள் அங்கே கூலியில்லாத வேலையாட்கள். அறுவடை வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. செடியை அடியோடு வெட்டி, கூர்முனை மாட்டிய கழியில் தண்டுகளைக் குத்திக் கோத்து, கொட்டகையின் உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஈரமான பச்சை இலையைத் தொட்டுத் தொட்டு நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தலைசுற்றலும் வாந்தியுமாகச் சிறுவன் சுருண்டுவிழும் பகுதியைப் படித்தபோது, நாடித்துடிப்பைப் பார்க்க என் கை தானாக நீண்டது. ஒரு வேலை எப்படி நடக்கிறது, அது எந்த எலும்பில் வலிக்கிறது என்று எழுதத் தெரிந்தவர் கிங்சால்வர்.

அடுத்த வீட்டில் பசி. வளர்ப்புக்கு அரசு தரும் பணத்துக்காகவே அவனை ஏற்றுக்கொண்ட குடும்பம் அது. துணி துவைக்கும் அறையில் படுக்கை, ஒரு கடையின் பின்புறம் குப்பை பிரிக்கும் வேலை. பசியை வர்ணிக்கப் பெரிய சொற்கள் எதுவும் இல்லை. நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே யோசிக்கும் ஒரு குழந்தையின் கணக்குகள் மட்டும்தான் இருக்கின்றன. மற்ற நாவல்களில் வறுமை பின்னணியாக நிற்கும். இங்கே அது மணிக்கு மணி நடக்கிறது.

பிறகு கால்பந்து வருகிறது. அமெரிக்கக் கால்பந்தில் பள்ளியின் நாயகனாகிறான், முழங்காலை உடைத்துக்கொள்கிறான், மருத்துவர் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரையை எழுதித் தருகிறார். அந்த மாத்திரை 1996இல் சந்தைக்கு வந்தது. ஒன்று போட்டால் 12 மணி நேரம் வலி தெரியாது, மெல்ல மெல்லக் கலப்பதால் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். மாத்திரையை நசுக்கிவிட்டால் அந்த மெல்லக் கலக்கும் ஏற்பாடு போய்விடும், முழு மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். செவிலியருக்கு இது பாலபாடம். 2007இல் அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனத் தரப்பும் அதன் மூன்று உயர் அதிகாரிகளும், இதே மலைப்பகுதியின் அபிங்டன் நகர நீதிமன்றத்தில், மருந்தைத் தவறாகச் சித்திரித்து விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல். லீ கவுண்டியின் செயின்ட் சார்லஸ் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஆர்ட் வான் ஸீ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார்.

மாத்திரை விற்பவர்கள் ஏன் இந்த மலைகளைத் தேடி வந்தார்கள்? சுரங்கத்தில் முதுகையும் மூட்டுகளையும் தேய்த்துக்கொண்டவர்கள் நிறைந்த ஊர்கள் இவை. வலி ஏற்கெனவே அங்கே இருந்தது. நிலக்கரி முதலாளிகள் வேறு தொழில் எதையும் உள்ளே விடாமல் ஆட்களைத் தங்களுக்கென்றே வைத்துக்கொண்டதை நாவலில் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆசிரியர் வகுப்பில் விளக்குகிறார். 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி ஆயுதமேந்திப் போராடிய வரலாறும் எனக்கு இந்த நாவலைத் தொட்டுத்தான் நெருக்கமானது. சோம்பேறிகள் என்று நாடே ஏளனம் செய்த மக்கள் இவர்கள்தான். அவர்களின் வறுமையால் முதலில் சுரங்கமும் பிறகு மருந்துக் கம்பெனியும் சம்பாதித்தன. இதைப் பிரசங்கமாக எழுதியிருந்தால் மறந்திருப்பேன். ஒரு பையனின் முழங்கால் வழியாக எழுதியதால் மறக்க முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜூன் பெகாட். செவிலியர். தன் காதலனே அந்த மாத்திரையை விற்கும் பிரதிநிதி என்ற நிலையில், அது தன் ஊரை என்ன செய்கிறது என்று புரிந்ததும் அவனை வெளியே அனுப்புகிறாள். அவளைப் பற்றி இன்னும் நூறு பக்கம் எழுதியிருந்தாலும் படித்திருப்பேன்.

குறையும் உண்டு. யூ-ஹால் என்ற வில்லன் டிக்கன்ஸின் கதையோடு பொருந்துவதற்காகவே அங்கே நிற்கிறான். மற்ற எல்லாரும் ரத்தமும் சதையுமாக இருக்கும் இடத்தில் அவன் வெறும் வழுவழுப்பு. கடைசிப் பகுதியில் சாவுகள் நெருங்கி நெருங்கி வருவதும் சில இடங்களில் கதையின் தேவையை மீறிவிடுகிறது.

2022இல் வெளிவந்த இந்த நாவலுக்கு மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது, இன்னொரு நாவலோடு பகிர்ந்து. பெண்களுக்கான புனைகதைப் பரிசும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. புத்தகம் ஈட்டிய பணத்தைக் கொண்டு கிங்சால்வர் லீ கவுண்டியிலேயே, போதையிலிருந்து மீண்டுவரும் பெண்கள் தங்குவதற்கு ஒரு இல்லத்தை அமைத்திருக்கிறார். டீமனின் அம்மாவுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்திருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.