கையோடு வந்த ஸ்பிரிங்

அந்தப் பழைய காரை ஜாக்கியில் தூக்கினேன். பின் ஆக்சில் முழுவதும் தொங்கியதும் இடது பக்கச் சுருள் ஸ்பிரிங்கைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. "இதோடவா இத்தனை நாள் ஓட்டினேன்?" என்றார் வண்டிக்காரர். நான் பதில் சொல்லவில்லை.

பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அழகு என்று யாரோ ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்திருந்தார்கள். வேலை செய்யும் எட்டுச் சுற்றில் ஒன்று போனால் குட்டையாவதோடு விறைப்பும் சுமார் 14 சதவீதம் கூடிவிடும். ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய நீளமே. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் நீள்கிற தூரத்துக்கு ஸ்பிரிங்கால் எட்ட முடியாது. போதாததற்கு, அறுத்த முனை, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணமான கப்பின் வளைவில் உட்காராமல் ஒரு ஓரமாக நின்றது.

அன்று நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சம்தான். அடிச்சுற்றைக் கட்டுக்கம்பியால் கப்போடு இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டேன். மூன்றே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் 'டங்' என்று சத்தம். ஒரு பக்கம் கம்பி அறுந்திருந்தது. மறுபக்கம் அது பெயின்டைச் சுரண்டி, ஸ்பிரிங்கில் பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தது. துரு அங்கேதான் பிடிக்கும். விட்டால் ஸ்பிரிங் உடைவதும் அங்கேதான். கீழே கட்டியதால் மேல் முனை கப்பை விட்டு விலகி விலகி அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் டேப்பை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலைத் தொங்கவிட்டால், மேல் கப்புக்கும் கீழ் கப்புக்கும் நடுவே 315 மி.மீ. கழற்றி வைத்த ஸ்பிரிங்கின் நீளம் 290. மிச்சம் 25 மி.மீ. வெறும் காற்று. காற்றை எங்கே கட்டுவது?

ஆக்சில் இறங்குவதை நாடா போட்டு நிறுத்தலாம் என்றார் கூட வேலை செய்பவர். தப்பில்லை, ஆனால் நாடா நாளடைவில் நீண்டுவிடும். அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. கப்பில் ஒழுங்காக உட்காரும் முனையுள்ள, தாழ்த்திய வண்டிக்கென்றே செய்த ஸ்பிரிங்கை வாங்கினோம். ஷாக்கையும் குட்டையானதாக மாற்றினோம்: முழுக்க நீண்டாலும் ஸ்பிரிங் இன்னும் 10 மி.மீ. அமுங்கியே இருக்கிற மாதிரி. குட்டை ஷாக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆக்சில் மேலேறும்போது ரப்பர் ஸ்டாப்பில் முட்டுவதற்கு முன் ஷாக் அடிதட்டிவிட்டால் அதன் கதி அதோகதி. அதனால் ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலை ஜாக்கியால் ஏற்றி, அதையும் பார்த்துக்கொண்டேன். தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைக்கவில்லை என்பதையும்தான்.

வண்டியை எடுக்க வந்தவர், "இன்னொரு தடவை தூக்குங்க" என்றார். சரி என்று தூக்கினேன். அவரே குனிந்து ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ரப்பர் பேட் மட்டும் லேசாகக் கீச்சிட்டது.