ராகி கேக், ராயக்கோட்டை, கே.ஆர்.பி. அணை: தருமபுரியிலிருந்து ஒரு ஞாயிறு வட்டம்

தருமபுரியில் கிளம்பி பாலக்கோடு, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணை, காவேரிப்பட்டணம் வழியாகத் திரும்ப தருமபுரி. எல்லாம் சேர்த்து 120, 130 கிலோமீட்டர் வரும். பைக்கில் ஒரே நாளில் சாவகாசமாக முடியும். சனிக்கிழமை ராத்திரி கேக், ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை, சாயங்காலம் அணை என்று வைத்துக்கொண்டால் சுடுவது, சுற்றுவது, படம் எடுப்பது மூன்றும் ஒன்றுக்கொன்று இடிக்காது.

முதலில் கேக். இந்த ரோட்டுக்குக் கிரீம் கேக் ஆகாது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். மார்ச்சுக்கு மேல் பைக்கின் பக்கப் பெட்டிக்குள் அந்தச் சூடு காலை பத்து மணிக்கே வந்துவிடும். எண்ணெய் ஊற்றிச் சுடுகிற லோஃப் கேக்தான் தாங்கும். அதிலும் ராகி, வெல்லம், வாழைப்பழம் போட்டது மறுநாள்தான் ருசி கூடும், ஈரமும் போகாது. ராகியும் வெல்லமும் இந்த மாவட்டத்துச் சரக்கு என்பதால் நல்லதாகப் பார்த்து வாங்குவதும் சுலபம். கடத்தூர்ப் பக்கத்து வெல்லம் கிடைத்தால் வெளுத்த கட்டியை விட்டுவிட்டு அடர் பழுப்பாக இருப்பதை எடுங்கள். வாசனை அதில்தான் இருக்கிறது.

8 அங்குல நீளம், 4 அங்குல அகலம் உள்ள டின்னுக்கு அளவு இது: ராகி மாவு 120 கிராம், கோதுமை மாவு 80 கிராம், வெல்லம் 150 கிராம், அதைக் கரைக்கத் தண்ணீர் 40 மி.லி., நன்றாகப் பழுத்த வாழைப்பழம் மசித்தது 150 கிராம், புளிக்காத தயிர் 60 கிராம், முட்டை 2, எண்ணெய் 80 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 50 கிராம். மேலே தூவக் கொஞ்சம் எள். எண்ணெய் சூரியகாந்தியாக இருக்கட்டும். செக்குக் கடலை எண்ணெய் ஊற்றினால் சுக்கு வாசனையே தெரியாது.

ராகியில், மாவை ஒட்டிப் பிடிக்கிற குளூட்டன் கிடையாது. முழுக்க ராகியாகவே போட்டால் கேக் உப்பும். ஆனால் வெட்டும்போது பொலபொலவென்று உதிர்ந்து டப்பாவுக்குள் தூளாகத்தான் போய்ச் சேரும். 80 கிராம் கோதுமை மாவு அதைப் பிடித்து வைக்கத்தான். அடுத்த சிக்கல் நறநறப்பு. ராகித் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். மாவை வெறும் வாணலியில் மூன்று நிமிடம் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, தயிரும் வாழைப்பழமும் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் ‘ராகி கேக் மணல் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். மணல் வெல்லத்திலும் இருக்கும். தண்ணீரில் சூடு பண்ணிக் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும். வடிகட்டிய பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறின பிறகே முட்டையில் ஊற்றுங்கள். அவசரப்பட்டால் முட்டை திரிந்து இழை இழையாக நிற்கும்.

முட்டை, எண்ணெய், வெல்லப்பாகு மூன்றையும் அடித்து, ஊறின ராகியில் கலந்து, கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா உப்பு, உப்பு, சுக்கு எல்லாவற்றையும் சலித்துச் சேர்த்து, வெள்ளை மறையும்வரை மட்டும் கிளறுங்கள். கடலை கடைசியில். டின்னில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. மிச்சம் இருந்தால் கப் கேக் அச்சில் ஊற்றிக்கொள்ளலாம்.

ஓவன் 170 டிகிரி, 45 முதல் 50 நிமிடம். வெல்லம் போட்ட கேக் சீக்கிரம் கறுக்கும். 30 நிமிடத்தில் மேலே அலுமினியத் தாள் ஒன்றைத் தளர்வாகப் போட்டுவிடுங்கள். மேசை மேல் வைக்கிற சின்ன ஓ.டி.ஜி. மின் ஓவனில் மேல் கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும், ஆகையால் கீழ்த் தட்டுதான் சரி. குமிழியில் எழுதியிருக்கிற டிகிரியை அப்படியே நம்பவும் வேண்டாம். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கிராமத்துப் பக்கம் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் கம்பி தருகிற சூடு கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்துவிடும், முன்சூடு ஏறவே கூடுதல் நேரம் ஆகும். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்துச் சுடுவது நல்லது. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கிற சூட்டிலேயே கொஞ்ச நேரம் வேகும். முதல் 30 நிமிடத்துக்குள் திறந்தால் நடுப்பகுதி அமுங்கிப்போகும். அமுங்குவதற்கு இன்னொரு காரணம் சோடா உப்பு கூடிப்போவது. அப்போது வாயில் சோப்பு ருசியும் ஒட்டும். ஓவன் இல்லாதவர்களுக்குக் குக்கரே போதும்: கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு, அடியில் ஸ்டாண்ட் வைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு, 7 அங்குல வட்டப் பாத்திரத்தில் ஊற்றிச் சிறுதீயில் 50 நிமிடத்துக்கு மேல். மேல்புறம் சிவக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே வேர்த்து மேல்தோல் பிசுபிசுக்கும். குறைந்தது இரண்டு மணி நேரம் கம்பித் தட்டில் ஆறட்டும். பிறகு முழுசாகவே பட்டர் பேப்பரில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். வெட்டுவது காலையில்தான். பல் உள்ள கத்தியால், ஒரு விரல் தடிமனுக்கு.

கேக்கைப் படம் எடுக்கவும் காலைதான் தோது. ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் ராகியின் பழுப்பு பச்சை கலந்த சாம்பலாக விழும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி கேக்கை வையுங்கள், வீட்டு விளக்கெல்லாம் அணைந்திருக்கட்டும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் கொஞ்சம் இளகும். முழுக்க இளக்கிவிடாதீர்கள். கேக்கின் துளையும் கடலைத் துண்டும் தெரிவது அந்த நிழலால்தான். எவர்சில்வர் தட்டு ஜன்னலையே திருப்பிக் காட்டும். மந்தார இலையோ முறமோ பின்னணிக்கு எவ்வளவோ மேல். போனில் கேக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு விரலை லேசாக மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பின்னணி வெளிர் நிறமாக இருந்தால் கேமரா தன்னால் வெளிச்சத்தைக் குறைத்துக் கேக்கைக் கரிக்கட்டையாக்கிவிடும்.

இந்தச் சாய்வெளிச்சம்தான் அன்று முழுக்கக் கைகொடுக்கப் போகிறது. ஊட்டி, கொடைக்கானல் போல இங்கே பச்சைப்பசேல் கிடையாது. பாறை, செம்மண், ராகிக் கொல்லை, நடுகல். நிறம் குறைவு, சொரசொரப்பு அதிகம். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாமே தட்டையாகிவிடும். சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில் அடிவானத்துக்கு மேல் சுமார் 14 டிகிரி ஏறியிருக்கும். அப்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல நாலு மடங்கு நீளம். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிற நேரம் அது. டிசம்பர், ஜனவரியில் உதயம் 6.40-ஐ ஒட்டி, ஜூனில் 5.50 வாக்கில். ராயக்கோட்டை அடிவாரத்தில் உதயத்துக்கு முன்பே நிற்க வேண்டுமானால் தருமபுரியில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அப்படிப் போகிறவர்கள் ஜன்னல் படத்துக்கு ஒரு துண்டை வீட்டில் வைத்துவிட்டு மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம். பைக் வேண்டாம் என்பவர்களுக்கு ஓசூர் போகிற ரயில் பாதையில் ராயக்கோட்டை ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் ரயில் நேரமும் உதயமும் ஒத்துப்போவதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ராயக்கோட்டை மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஹைதர், திப்பு காலத்தில் பாராமகாலை (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) காத்த கோட்டைகளில் ஒன்று. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலே அவர்கள் கைக்குப் போனது. ஏறுவதற்குத் தாராளமாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம், மேலே கடை எதுவும் கிடையாது. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். வழவழத்த அடி கொண்ட ஷூவுக்கு அன்று வேலையில்லை. டிரைபாட் கொண்டுபோனால் தொல்லியல் துறை இடங்களில் தனி அனுமதி கேட்பார்கள், ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடவே கூடாது. கையிலேயே பிடித்து எடுங்கள். காலை வெளிச்சத்தில் அதற்கு மேல் தேவைப்படாது.

மேலே இடிந்த சுவர்களும் சுனைகளும் இருக்கின்றன. சுவரை நேராகப் பார்த்து எடுப்பதைவிடச் சுவரோடு சேர்ந்து நின்று, வெளிச்சம் அதன் மேல் உரசிக்கொண்டு போகும்படி எடுத்தால் கல் அடுக்கின் வேலைப்பாடு தெரியும். ஊரும் வயலும் தெரிகிற அகலப் படத்துக்குக் கிழக்கை விட்டுவிட்டு மேற்கே திரும்புங்கள். கிழக்கில் சூரியனுக்கு எதிரே பனிமூட்டம்தான் பதியும். கேக்கை இங்கேயே, ஏறின களைப்போடு சாப்பிடுவதுதான் சரி. ஒரு துண்டைப் பாறை மேல் வைத்துப் படம் எடுக்க ஆசை வரும். இலை ஒன்றைக் கீழே போட்டு எடுங்கள், எறும்புக்கு முந்திக்கொள்ளுங்கள். பட்டர் பேப்பரையும் இலையையும் கையோடு கீழே கொண்டுவர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

கிருஷ்ணகிரிக்கு இறங்குகிற ரோட்டில் பார்க்க வேண்டியது பருவத்தைப் பொறுத்தது. மானாவாரி ராகி ஆனி, ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. கதிர் விரல் மடக்கினது போலச் சுருண்டு நிற்கும் அந்த மாதங்களில் கொல்லை ஓரமாக நிறுத்தி, குனிந்து, கதிர் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி எடுங்கள். கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. மே, ஜூன் என்றால் மாங்காய்ப் பருவம். அப்போது கேக்கில் வாழைப்பழத்துக்குப் பதில் மாம்பழம் போடலாம். ஆனால் மாம்பழச் சாற்றில் தண்ணீர் அதிகம். 300 கிராம் கூழைச் சிறுதீயில் கிளறி 150 கிராமாகச் சுண்ட வைத்த பிறகே மாவில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வேகாமல் களியாக நிற்கும். செந்தூரா, அல்போன்சா இரண்டும் கேக்குக்கு நல்லவை. பெங்களூரா கூழ் ஆலைக்குப் பொருத்தமான ரகம். கேக்கில் அதன் புளிப்புக்கு வெல்லம் கூடுதலாகப் போட வேண்டிவரும்.

பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வெளியே படம் எடுக்க ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு கவலையில்லை. கேமராவுக்குக் கட்டணம் உண்டா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் ஏராளம். பல்லவர் கால வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து உள்ளவையும் உண்டு. நடுகல்லை ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தால் எழுத்து அழிந்தது போலத்தான் இருக்கும். வயல்வெளியில் நிற்கிற கல்லுக்குக் காலையோ மாலையோ போக வேண்டும். மரத்தடியில் நிழலாக இருந்தால் நண்பரிடம் போன் டார்ச்சைக் கொடுத்துக் கல்லின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். வீரனின் வாளும் எழுத்தும் எழும்பி நிற்கும். எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ பூசுவது கல்லைக் கெடுக்கும் வேலை.

நாலு மணிக்குக் கே.ஆர்.பி. அணை. 1950களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது, முழு நீர்மட்டம் 52 அடி. பூங்காவில் ஞாயிறு கூட்டம் நெரியும், அங்கே நேரத்தை விடாதீர்கள். மதகு திறந்திருந்தால் தண்ணீர்தான் படம். துளி துளியாக உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பட்டுபோல வழிய கால் நொடி. கால் நொடிக்குக் கையில் பிடித்தால் நடுங்கும், சுவரின் மேல் பையை வைத்து அதன் மேல் கேமராவை வையுங்கள். நீர்ப்பரப்பு மேற்குப் பக்கமாக விரிவதால் அந்தி வெளிச்சம் தண்ணீரின் மேல் வரும். மனிதர்கள் கறுப்பு உருவமாக விழுவார்கள். முகம் வேண்டுமென்றால் சூரியனுக்கு முதுகு காட்டி நீங்கள் நில்லுங்கள். பொரித்த மீன் சூடாக எண்ணெயிலிருந்து எடுத்ததாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தட்டில் குவித்து வைத்திருப்பதைப் படம் எடுப்பதோடு சரி.

ஒகேனக்கலையும் இதே நாளில் சேர்க்கப் பார்க்காதீர்கள், அது வேறு திசை. அங்கே கேக் டப்பாவைக் குரங்கு திறக்காது என்பதற்கும் உத்தரவாதமில்லை.

திரும்பும்போது காவேரிப்பட்டணம் தாண்டி நான்குவழிச் சாலை. இருட்டின பிறகு லாரி ஓட்டம் பலமாக இருக்கும், ஏழு மணிக்குள் தருமபுரியைத் தொடுவது நல்லது. வீடு வந்ததும் மிச்சக் கேக்கை மேசையில் விட்டுவிடாதீர்கள். வாழைப்பழமும் வெல்லமும் ஈரம் பிடித்து வைப்பதால் மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பூசணம் வரும். துண்டு துண்டாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போது தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் வாட்டினால் போதும். எண்ணெய் விட வேண்டாம், கேக்கிலேயே இருக்கிறது.