சிலிண்டர் எடை

டிசம்பர் 19

அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. ஏழு தையல். மோதிர விரல் இன்னும் மடங்கவில்லை.

டிசம்பர் 20

மிச்சமிருந்த 22 பாட்டிலையும் இன்று திறந்துவிட்டேன். ஒவ்வொன்றையும் ஈரச்சாக்கில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் தளர்த்தினேன். மேட்டுப்பாளையத்தில் தாத்தா கடையில் கோலி சோடாவுக்கு கேஸ் ஏற்றும்போது சாக்குதான் போடுவார்களாம். கட்டிலில் உட்கார்ந்தபடியே அம்மா சொல்லிக்கொடுத்தாள். கொம்புச்சா, சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த தேநீர், முழுக்க வேலியோரம் போனது.

கோத்தகிரிக் குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். சர்க்கரை தீராமலே பாட்டிலில் அடைத்தது நான். நுரை வரட்டும் என்று அடுப்புப் பக்கம் வைத்ததும் நான். சூடு கிடைத்ததும் உள்ளே ஈஸ்ட் விழித்துக்கொண்டது. அம்மா எடுத்தது காப்பிப் பொடி டப்பாவை. வெடித்தது பக்கத்திலிருந்த பாட்டில்.

டிசம்பர் 27

கெக் வந்துவிட்டது, பாட்டிலுக்குப் பதிலாக ஒரு உலோகப் பீப்பாய். பழையதுதான், 19 லிட்டர். முன்பு குளிர்பான சிரப் ஊற்றிவைத்த வகை. மோந்தால் இன்னும் கோலா வாசம். அந்த வாசம் ரப்பர் வளையங்களில்தான் ஏறியிருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றவேண்டும். மூடி முட்டை வடிவம். சாய்த்து உள்ளே விட்டு மேலே இழுத்து அடைக்கவேண்டும். உள்ளே அழுத்தம் ஏற ஏற அதுவே இறுகிக்கொள்ளும். மிஞ்சினால் வெளியேற்ற, குக்கர் மாதிரி, மூடியிலேயே ஒரு வால்வு. பாட்டிலுக்கு அது கிடையாது. வால்வின் வளையத்தைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 28

விரல் மடங்கவில்லை. சப்பாத்தி மாவைப் பிடித்துப் பிசையச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 3

கெக்கில் நுரை ஏற்ற கேஸ் வந்தது. தேயிலை எடை போடும் தராசில் சிலிண்டரைத் தொங்கவிட்டேன். 8.4 கிலோ. அழுத்த மீட்டரை நம்பக்கூடாது. உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு திரவமாக இருக்கும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் சரியும். எடைதான் உண்மை.

புது கொம்புச்சா, இஞ்சி போட்டது, 18 லிட்டர் நிரப்பி ஃபிரிட்ஜில் ஏற்றினேன். தட்டுகளைக் கழற்றினால்தான் கெக் நின்றது. சிலிண்டரும் நிமிர்ந்தே நிற்கவேண்டும், அதற்கு வெளியே ஒரு மூலை.

ஜனவரி 4

காலையில் 7.1. இரவோடு இரவாக ஒண்ணே கால் கிலோவுக்கு மேல் போய்விட்டது. அழுகை வந்தது.

சோப்புத் தண்ணீர் தடவினேன். மூடியின் வலது ஓரத்தில் கடுகளவு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக. அழுத்தத்தை இறக்கி, மூடியைத் திருப்பிப் போட்டு, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் கொடுத்து உட்காரவைத்தேன். நின்றது. நின்ற மாதிரிதான் இருக்கிறது.

ஜனவரி 5

எந்தக் குளிருக்கு எவ்வளவு கேஸ் அழுத்தம் என்ற அட்டவணையில் 4 டிகிரிக்கு 12 பவுண்டு என்று போட்டிருக்கிறது. ஆனால் அது கடல் மட்டத்துக்கு எழுதியது. மீட்டர் காட்டுவது, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. இங்கே ஏறத்தாழ 6,000 அடி உயரம், வெளிக்காற்றே மெலிசு. 2,000 அடிக்கு ஒரு பவுண்டு கூட்டவேண்டும். ஆக 15.

மூன்று பவுண்டு கூட்ட எனக்குக் கை வரவில்லை. கணக்கு சரி என்று தெரியும். கெக்கின் உடம்பில், தாங்கும் அளவு 130 என்று பொறித்திருக்கிறது. 15-க்கு 130. இதையே நாலு தடவை எழுதிப் பார்த்தேன். அப்புறம் அம்மாவை முன்னறைக்குப் போகச் சொல்லிவிட்டுத் திருகினேன்.

ஒன்றும் ஆகவில்லை. "இவ்வளவுதானா கண்ணு?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள். போகவே இல்லை.

ஜனவரி 8

குழாயில் சொட்டுகூட வரவில்லை. உறிஞ்சுகுழாயில் இஞ்சி நார். துணியில் வடிகட்டியது போதாது.

ஜனவரி 10

வந்தது. முதல் டம்ளர் முழுக்க நுரை. ஒன்றரை அடி ட்யூப் காணாது, பத்தடி சுருட்டவேண்டும். ஆனால் நுரை அடங்கியபின் ருசி! கொழுந்தின் வாசம் அப்படியே இருக்கிறது. பாட்டிலில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை.

அம்மா இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 11

7.0.

ஜனவரி 12

7.0. விரல் நுனி கொஞ்சம் அசைகிறது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நாளை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.